இரண்டும் மூன்றும் யாருக்கு?

(நூற்றாண்டு நிகழ்வுகளின் தொடரில் எத்தாளையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



"வாக்குரிமையும் நாமும்" என்ற தலைப்பைச் செயலாளர் தந்தார். கட்சி பேசக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். அந்த நிபந்தனை எனக்கும் நல்லதுதான். நான் குடியியல் படிப்பித்தவள், பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கடமைக்குப் போனவள். கட்சி பேசாமல் தேர்தல் பேசிப் பழகிவிட்டது.

நமது சங்கம் கைக்குழந்தையாக இருந்த 1931ஆம் ஆண்டில்தான் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. டொனமூர் ஆணைக்குழு முதலில் சொன்னது, பெண்களுக்கு முப்பது வயதில் கொடுங்கள் என்று. பின்னர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருபத்தொரு வயது என்று முடிவாயிற்று. ஆகவே நமது மூத்த மாணவிகள் வாக்குக்காகக் கொடி பிடித்து ஊர்வலம் போக வேண்டியிருக்கவில்லை. கையில் கிடைத்தது. கிடைத்ததை முழுதாகப் பாவிக்கிறோமா என்பதைத்தான் இன்று கேட்க வந்தேன். ஜனாதிபதித் தேர்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2024 செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. உங்களில் அநேகர் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்திருப்பீர்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, ஆகவே இரண்டாம் சுற்று எண்ணப்படும் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. 1982இலிருந்து 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்தன. எட்டிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். சில வேளை மயிரிழையில்தான். 1988இல் பிரேமதாச பாதிக்கு மேலே பெற்றது 22 ஆயிரம் வாக்குகள்கூட இல்லை. 2005இல் மஹிந்த ராஜபக்ஷ பாதியைத் தாண்டியது சுமார் 28 ஆயிரத்து 600 வாக்குகளால். அப்படித் தப்பித் தப்பி வந்த இரண்டாம் எண்ணிக்கை ஒன்பதாவது தேர்தலில் வந்துவிட்டது. அன்று எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள். மூன்றிலும் ஒரே கேள்வி: "மிஸ், இப்ப நாங்க திரும்பப் போய் வோட் போடணுமா?"

போக வேண்டியதில்லை. நாம் முதல்நாள் போட்ட அதே சீட்டிலேயே இரண்டாம் சுற்றும் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் இரண்டு கிழமை கழித்து மக்களை மீண்டும் வரிசையில் நிறுத்துவார்கள். நமது சட்டம் அந்தச் செலவையும் அலைச்சலையும் மிச்சம் பிடித்து, ஒரே சீட்டில் 1, 2, 3 என்று எழுத இடம் தந்திருக்கிறது. முதலிரு இடங்களில் வந்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 2 என்ற இலக்கம் மிஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு இருந்தால், அது அவருக்குச் சேரும். 2 வேறு யாருக்காவது இருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டு ஓரமாகப் போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பின்வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பள்ளிக்காலத்து முகம் இன்னும் மாறவில்லை!

2024இல் செல்லுபடியான வாக்குகள் 1 கோடியே 33 இலட்சத்து 19 ஆயிரத்து 616. முதலாவதாக வந்த அனுர குமார திசாநாயக்க 56 இலட்சத்து 34 ஆயிரத்து 915. இரண்டாவது சஜித் பிரேமதாச 43 இலட்சத்து 63 ஆயிரத்து 35. மற்ற எல்லா வேட்பாளர்களும் சேர்ந்து பெற்றது 33 இலட்சத்து 21 ஆயிரத்துச் சொச்சம். இந்த 33 இலட்சம் சீட்டுகளும் இரண்டாவது தடவை பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து முதல்வருக்குச் சேர்ந்தது 1 இலட்சத்து 5 ஆயிரத்து 264. இரண்டாமவருக்குச் சேர்ந்தது 1 இலட்சத்து 67 ஆயிரத்து 867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரத்து 131.

33 இலட்சத்தில் இரண்டே முக்கால் இலட்சம். நூறு சீட்டை எடுத்தால் எட்டுச் சீட்டு. மிச்சம் தொண்ணூற்றிரண்டும் கடைசி இருவரில் யார் என்ற கேள்விக்கு வாய் திறக்கவில்லை. அவற்றில் சிலவற்றில் வேறு பெயர்களுக்கு எதிரே இலக்கம் எழுதப்பட்டிருக்கலாம். பெரும்பாலானவை அந்த இடத்தை வெறுமையாக விட்டவை என்றே நான் நினைக்கிறேன். எல்லோரும் எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதல் சுற்றில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 12 இலட்சத்து 72 ஆயிரம். பேசாமல் போன சீட்டுகள் 30 இலட்சத்துக்கு மேல். ஒரு நாட்டின் தலைவரைத் தெரியும் வேளையில் முப்பது இலட்சம் பேர் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனது போலத்தான் இது.

ஏன் இப்படி? முதற்காரணம், "விருப்பு வாக்கு" என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பழக்கத்தில் இருப்பது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதே கட்சியின் வேட்பாளர்கள் மூவரின் இலக்கங்களுக்கு அடையாளமிடுகிறோம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி. அங்கே முதலாவது, இரண்டாவது என்ற பேச்சு இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்பது வரிசை. இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, "இரண்டாவது ஆளுக்கும் போட்டால் நம்ம ஆளுக்கு வாக்குக் குறைந்துவிடும்" என்று நினைப்பவர்கள் ஏராளம். குறையாது. முதலாமவர் போட்டியில் இருக்கும்வரை உங்கள் இரண்டாம் இலக்கத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் விழுந்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது.

அடுத்த காரணம் கட்சிக்காரர்கள். வீடு வீடாக வருபவர் எவராவது "எங்களுக்கு ஒன்று போடுங்கள், இரண்டை நீங்கள் விரும்பியவருக்குப் போடுங்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தன் ஆள் தோற்கலாம் என்பதை அவர் வாயால் சொல்லமாட்டார். கடமையில் இருக்கும் எங்களுக்கும் அளவுக்கு மேல் பேச வழியில்லை. ஒருமுறை ஒரு வயதான உம்மா சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "மகள், ஒண்டு போட்டாப் போதும்தானே?" என்று கேட்டார். போதும் என்பதுதான் சட்டப்படி சரியான பதில். அதைத்தான் சொன்னோம். அவர் நிம்மதியாகப் போய் ஒன்று போட்டுவிட்டு வந்தார்.

மூன்றாவது, சீட்டின் நீளம். 2019இல் 35 பெயர்கள். 2024இல் 39 பெயர்கள். அதில் ஒருவர், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் இத்ரூஸ் முஹம்மது இல்யாஸ், வேட்புமனுத் தாக்கல் செய்தபின் ஆகஸ்டில் காலமாகிவிட்டார். பெயரோ சீட்டில் அப்படியே இருந்தது. அவ்வளவு நீளமான சீட்டில் தனக்கு வேண்டியவரைத் தேடிக் கண்டுபிடித்ததே பெரிய காரியம் என்று மடித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: அந்த 39 பேரில் ஒரு பெண்கூட இல்லை. உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு நாம். 1994இல் ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்கியதும் நாம்தான்.

இரண்டாவது விருப்பம் சொல்வது பெண்களுக்குப் புதிய காரியமா என்ன? கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது எப்படிச் சொல்லி அனுப்புகிறோம்? "கீரிச்சம்பா இல்லையெண்டா சம்பா வாங்கு, அதுவும் இல்லையெண்டா நாட்டரிசி வாங்கிட்டு வா." ஒன்றை மட்டும் சொல்லியனுப்பினால் பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வரும். பின்னேரம் அடுப்பில் என்ன வைப்பது?

இனி, நம் ஒரு வாக்கின் பாரத்தைப் பார்ப்போம். ஜனாதிபதித் தேர்தலில் முழு இலங்கையும் ஒரே தொகுதி. எத்தாளையில் வெங்காயப் பாத்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து போடும் வாக்கும், கொழும்பு ஏழில் போடும் வாக்கும் ஒரே பெட்டியில் விழுந்தது மாதிரித்தான். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எல்லா நாட்டிலும் இப்படியில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவிகள் சிலர் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்குத் தெரியும், அங்கே ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் என்று ஓர் எண்ணிக்கை உண்டு. மொத்தம் 538 பேர். 270 கிடைத்தவர் ஜனாதிபதி. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் அத்தனை பேரும் வென்றவருக்கே. அதனால் நாடு முழுவதும் கூடுதல் வாக்கு எடுத்தவர் தோற்றுப்போவதும் நடக்கும். 2000ஆம் ஆண்டில் அல் கோருக்கு நடந்தது. 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றுத் தோற்றார். ஆள்கணக்கிலும் சமமில்லை. கலிபோர்னியாவில் சுமார் ஏழு இலட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர் என்றால், வயோமிங்கில் இரண்டு இலட்சம் பேருக்கும் குறைவாக ஒருவர்.

அதைத் திருத்த அரசியலமைப்பை மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை. ஆகவே சில மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. "எங்கள் மாநிலத்தில் யார் வென்றாலும் பரவாயில்லை, நாடு முழுவதிலும் அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைக் கொடுப்போம்" என்பது அதன் சாரம். 2007இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024இல் மேய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகர வட்டாரமும் சேர்ந்து 209 தேர்வாளர்கள். 270 சேரும்வரை அந்தச் சட்டம் தூங்கிக்கொண்டே இருக்கும். நமது சீட்டுக் குழு மாதிரி, எல்லோரும் சேர்ந்தால்தான் முதல் சீட்டு விழும். ஒருவர் முந்திக்கொண்டு தனியே கட்டினால் அவருக்குத்தான் நட்டம்.

அவர்கள் இத்தனை ஆண்டாக உடன்படிக்கை எழுதிக்கொண்டு காத்திருக்கும் ஒன்று, நமக்கு 1978 அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

இப்படி நாடு முழுவதும் ஒரே தொகுதியானதால் நம்மைப் போன்ற சிறு சமூகங்களுக்கு நன்மையா என்றால், பதில் ஒரே சொல்லில் வராது. 1988ஐப் பாருங்கள். அப்போது பாராளுமன்றத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனமே இல்லை. ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளை, முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் அஷ்ரஃப், பிரேமதாசவுடன் பேசி அந்த எல்லையை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க வைத்தார். அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம், வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னர் நிறைவேறியது. பாதியை எட்டுவது கடினம் என்ற பயம் இருந்ததால்தான் அந்தப் பேச்சுவார்த்தைக்கு மதிப்பு வந்தது. பிரேமதாச பாதியைத் தாண்டியது 22 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் என்று சொன்னேன் அல்லவா, அதை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

மறுபக்கத்துக்கு 2019. வென்றவர் ருவன்வெலிசாயவுக்கு முன்னால் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்ல முடியும் என்று தான் முன்னரே அறிந்திருந்ததாகச் சொன்னார். எண்கள் அதற்கு இடம் கொடுத்தன. ஒரே தொகுதி என்பதற்குள் அந்த ஆபத்தும் இருக்கிறது. 2005இலோ வடக்கில் வாக்களிப்பு முடக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 7 இலட்சம் வாக்காளர்களில் நூற்றுக்கு ஒன்றரை பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786. ஒரு மூலையின் மௌனம் முழு நாட்டின் தலைவரைத் தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இங்கே எனக்கு முன்னால் இருக்கும் சிலர் 1990 ஒக்டோபரில் சிறு பிள்ளைகளாக மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது பெருந்தொகையானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். ஆலங்குடாப் பக்கத்து ஓலைக் கொட்டில்களிலிருந்து வந்து நம்மோடு வாங்கில் இருந்து படித்தார்கள். அவர்களில் பலரின் பெயர் மன்னார் மாவட்ட வாக்காளர் இடாப்பில் இருந்தது. 2019 நவம்பர் 16 விடியப்புறம், அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட பஸ்களில் மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பகுதியில் பாதையை மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. பஸ்கள் பொலிஸ் காவலோடு தொடர்ந்து போயின.

ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தமட்டில், அந்த வாக்கை மன்னாரில் போட்டாலும் புத்தளத்தில் போட்டாலும் பாரம் ஒன்றுதான். பாராளுமன்றத் தேர்தலுக்குத்தான் எந்த மாவட்டம் என்பது முக்கியம். அங்கே வன்னியில் பதிந்திருந்தால் வன்னி ஆசனத்துக்கு, இங்கே பதிந்திருந்தால் புத்தளத்து ஆசனத்துக்கு. அதனால் பதிவை எங்கே வைப்பது என்பது அந்தக் குடும்பங்களுக்கு இலேசான முடிவல்ல. பிறந்த மண்ணில் பெயர் இருக்கட்டும் என்று நினைப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒருவரை அத்தனை தூரம் அனுப்பாமல், இருக்கும் இடத்திலேயே கொத்தணி வாக்குச்சாவடி வைத்துக் கொடுப்பதில் நாட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. நம் சங்கம் இதைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும் என்று நான் பிரேரிக்கிறேன்.

எழுதும்போது இன்னொன்றையும் சேர்க்கலாம். இந்த மலர் குவைத்துக்கும் டோஹாவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போகும். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கிருந்து இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியில்லை. தபால் வாக்கு கடமையில் இருக்கும் அரச உத்தியோகத்தருக்குத்தான். இந்தக் கரையிலிருந்து வீட்டு வேலைக்குப் போய் மாதாமாதம் காசு அனுப்புகின்ற பெண்களின் பணத்தை நாடு எண்ணுகிறது. அவர்களின் வாக்கை எண்ண ஒரு பெட்டி வைக்க முடியாதா? தூதரகங்கள் இருக்கின்றனதானே. முழு நாடும் ஒரே தொகுதியான இந்தத் தேர்தலில்தான் அது ஆக இலேசு. எந்த மாவட்டத்துச் சீட்டு என்று பிரிக்கவே தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே சீட்டு.

கடைசியாக, அடையாளமிடும் முறை. ஒருவருக்கு மட்டும் என்றால் 1 என்று எழுதலாம், புள்ளடியும் போடலாம். இரண்டாம், மூன்றாம் விருப்பமும் சொல்வதென்றால் இலக்கம்தான்: 1, 2, 3. புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம். 1 என்பதை இருவருக்கு எழுத வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் எழுத வேண்டாம். 2024இல் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 3 இலட்சத்து 300. சொந்தச் சமூகத்தின் குரலைக் காட்டவென்று, வெல்லமாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு 1 போடுகிறவர்கள் உண்டு. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல் கிடைத்தது அப்படித்தான். அது அவரவர் உரிமை. அப்படிப் போடுகிறவர்தான் 2ஐயும் 3ஐயும் மறக்கவே கூடாதவர்.

இப்போது தங்கைமார் இருவர் ஒரு சிறு தாளைப் பகிர்ந்து தருவார்கள். நிறைவு விழா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் என்ன இனிப்பு வைப்பது என்று குழுவுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ஆறு வேட்பாளர்கள்: வட்டிலப்பம், தொதல், பனங்காய்ப் பணியாரம், கொக்கிஸ், பழக் கலவை, ஐஸ்கிறீம். 1, 2, 3 என்று எழுதி மடித்து, மேசையில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போடுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து உங்களுக்கு முன்னாலேயே எண்ணுவோம். யாருக்கும் பாதி வராது என்பது என் கணிப்பு.